தெரியாமல் இருப்பதா, தெரியாமல் வைத்திருப்பதா?

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான கல்வி வகுப்பில் சங்கத்தின் கல்விப் பிரிவுத் தோழர் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமையில் உடுப்புத் துவைக்க வேண்டும், விறகு பார்க்க வேண்டும், பிள்ளைகளோடு இருக்க வேண்டும். அதையெல்லாம் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். மலையில் களைக்கு அடிக்கிறோமே, அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன?

(கூட்டத்தில் பலர்: மருந்து!)

ஆமாம், மருந்து. போத்தலில் மண்டையோட்டுப் படம் போட்டிருக்கிறது. ஆனால் நம் வாயில் அது மருந்து. தலைவலிக்கு டிஸ்பென்சரியில் கொடுப்பதும் மருந்து, தோளில் தாங்கியைச் சுமந்து அடிப்பதும் மருந்து. இந்தப் பெயரை நமக்கு யார் பழக்கினார்களோ தெரியாது. நம் பாட்டன்மார் காலத்தில் களையைச் சுரண்டித்தான் எடுத்தார்கள். மருந்து என்று சொல்லிச் சொல்லியே அதன் மேல் இருந்த பயம் நமக்குப் போய்விட்டது.

என் அப்பா மருந்தடிக்கிற கூட்டத்தில்தான் இருந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டு போவேன். தாங்கி ஒழுகும். முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருக்கும். கைநகங்கள் நிறம் மாறி, பிறகு கழன்று விழுந்தன. மூக்கில் இரத்தம் வரும். போய்க் கேட்டதற்கு அவருக்குக் கிடைத்த பதில், "கையைக் கழுவாமல் சோறு தின்றால் அப்படித்தான் வரும்." அப்பாவும் அதை நம்பினார். தன் பிழைதான் என்று சாகும்வரை நினைத்துக்கொண்டிருந்தார். தோட்டத்தின் பெயரையோ அந்த ஆளின் பெயரையோ இங்கே சொல்லப் போவதில்லை. அது இன்றைய விஷயமும் இல்லை. அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம்.

தெரியாமை இரண்டு வகை. ஒன்று, உலகத்தில் யாருக்குமே இன்னும் தெரியாதது. மற்றது, ஒரு சிலருக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் மற்றவர்களுக்குத் தெரியாமல் வைத்திருப்பது. இந்த இரண்டாவது வகையைப் படிப்பதற்கென்றே இன்று ஒரு துறை இருக்கிறது. அமெரிக்காவில் ரொபர்ட் புரொக்டர் என்ற வரலாற்றாசிரியர் சிகரெட் கம்பனிகளின் கதையைத் தோண்டிப் பார்த்தபோது, அறியாமையும் ஒரு சரக்குப் போல உற்பத்தி செய்யப்படுகிறது என்று கண்டு, 1990களில் அந்தப் படிப்புக்கு ஒரு பெயரும் வைத்தார். அக்னோட்டொலொஜி என்று சொல்வார்கள். பெயர் மறந்தால் பரவாயில்லை.

சிகரெட் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1950இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், புகைப்பவர்களுக்கே நுரையீரல் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று ஆராய்ச்சிகள் வந்துவிட்டன. 1953 டிசம்பரில் அமெரிக்க சிகரெட் கம்பனித் தலைவர்கள் நியூயோர்க்கில் ஒரு பெரிய ஹோட்டலில் கூடினார்கள். போட்டிக் கம்பனிகள் அன்று ஒரே மேசையில் உட்கார்ந்தன. 1954 ஜனவரி 4ஆம் திகதி நானூறுக்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. உங்கள் ஆரோக்கியம்தான் எங்களுக்கு முக்கியம், ஆனால் விஞ்ஞானிகளுக்குள் ஒருமித்த கருத்து இல்லை, நாங்களே பணம் போட்டு ஆராய்கிறோம் என்பது அதன் சாரம். பொய் என்று பிடிக்க முடியாதபடி எழுதியிருந்தார்கள். சிகரெட் நல்லது என்று நிரூபிக்க அவர்கள் முயலவில்லை. "இன்னும் முடிவாகவில்லை" என்று மக்கள் நினைத்தால் போதும், அடுத்த பெட்டியை வாங்குவார்கள். 1969இல் ஒரு சிகரெட் கம்பனியின் உள்ளகக் குறிப்பு, நாம் உற்பத்தி செய்யும் பொருள் சந்தேகம்தான் என்றே எழுதியது. இது பல வருடங்களுக்குப் பிறகு வெளியே வந்தது. 2006இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, இந்தக் கம்பனிகள் ஐம்பது வருடமாக மக்களை ஏமாற்றின என்று தீர்ப்புச் சொன்னது.

இதிலேயே இன்னொன்று. 1952இலிருந்து 1956 வரை அமெரிக்காவில் ஒரு சிகரெட்டை "பாதுகாப்பான பில்டர்" என்று விற்றார்கள். அந்தப் பில்டருக்குள் இருந்தது நீல அஸ்பெஸ்டஸ். புகைக்குப் பயந்து பில்டர் சிகரெட் வாங்கியவன் அஸ்பெஸ்டஸையும் சேர்த்து இழுத்தான்.

அஸ்பெஸ்டஸ் என்றதும் சிலர் மேலே பார்க்கிறீர்கள். பாருங்கள். இந்த மண்டபத்துக்கும் அதுதான் கூரை. நம்மில் எத்தனை பேர் வீட்டுக்கும் அதுதான்? லயத்துத் தகரக் கூரை துருப்பிடித்து, ஒழுகி, மழைக்குச் சட்டி வைத்துச் சலித்துப்போன நமக்கு, சீட் போட்டபோது பெரிய நிம்மதி. நானும் அப்படித்தான் சந்தோசப்பட்டேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் ஒரு கல். நிலத்திலிருந்து வெட்டி எடுக்கிறார்கள். நார் நாராகப் பிரியும். அந்த நார் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியதாகும்போது மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் குத்தி நிற்கும். கரையாது. உடனே இருமல் வராது, வலியும் இல்லை. இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்து நுரையீரல் தழும்பேறி இறுகும், அல்லது நுரையீரலில் புற்றுநோய் வரும், அல்லது நுரையீரலை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வரும். மறைக்க நினைப்பவனுக்கு இந்த நீண்ட இடைவெளி பெரிய வசதி. வாலிபத்தில் சீட் அறுத்தவன் அறுபது வயதில் படுக்கும்போது யார் கூரையை நினைக்கப் போகிறார்கள்?

இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற ஊரில் நெல்லி கெர்ஷோ என்ற பெண் அஸ்பெஸ்டஸ் ஆலையில் நூல் நூற்றார். 1924இல் 33 வயதில் இறந்தார். வைத்தியர் ஒருவர் அவருடைய நுரையீரலைச் சோதித்து, அஸ்பெஸ்டஸ் துகள்கள் இருந்ததை எழுதி வெளியிட்டார். கம்பனி நட்டஈடு கொடுக்க மறுத்தது. சவச்செலவுக்குக்கூடப் பணம் கொடுக்கவில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் அது மற்றவர்களுக்கும் வழக்கமாகிவிடுமாம். இந்தப் பேச்சை நாம் எத்தனை சம்பளப் பேச்சுவார்த்தையில் கேட்டிருக்கிறோம்! 1930இல் பிரித்தானிய அரசாங்கமே ஆலைத் தொழிலாளரைச் சோதித்தது. பார்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு நுரையீரல் பழுதாகியிருந்தது. 1931இல் தூசைக் கட்டுப்படுத்தச் சட்டமும் வந்தது. இந்த வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பனிகளுக்குத் தெரியாது என்று அதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் என்ன நடந்தது? "அஸ்பெஸ்டஸ்" என்ற பெயரிலேயே தொழில்துறைச் சஞ்சிகை ஒன்று இருந்தது. கம்பனிகள் கேட்டுக்கொண்டதால் இந்த நோயைப் பற்றி அதில் ஒன்றும் எழுதாமல் இருந்தார்கள். 1935இல் அதன் ஆசிரியை, இப்போதாவது எழுதலாமா என்று ஒரு கம்பனித் தலைவரிடம் கேட்டார். அவர் இன்னொரு பெரிய கம்பனியின் வழக்கறிஞருக்கு எழுதிய கடிதத்தில், அஸ்பெஸ்டஸைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவுக்கு நமக்கு நல்லது என்ற கருத்தைச் சொன்னார். அந்த வழக்கறிஞரும் சம்மதித்தார். இந்தக் கடிதங்கள் 1970களில் தொழிலாளர் தொடுத்த வழக்குகளில்தான் வெளிச்சத்துக்கு வந்தன.

1936இல் கம்பனிகள் சேர்ந்து சரனாக் என்ற ஆய்வுகூடத்துக்குப் பணம் கொடுத்தன. ஆனால் ஒரு நிபந்தனை: முடிவுகள் எங்கள் சொத்து, நாங்கள் சம்மதித்தால்தான் வெளியிடலாம். அங்கே எலிகளை அஸ்பெஸ்டஸ் தூசிக்குள் விட்டுப் பார்த்தார்கள். 1943இல் ஆய்வாளர் 11 எலிகளில் பெரும்பாலானவற்றில் நுரையீரல் கட்டி கண்டார். அவர் 1946இல் இறந்தார். 1951இல் ஆய்வு அச்சில் வந்தபோது புற்றுநோய் பற்றிய பேச்சே அதில் இல்லை. கம்பனிகள் கூடிப் பேசி அதை எடுத்துவிட்டிருந்தன. விஞ்ஞானி பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் கண்டதைத்தான் எழுதிவைத்தார். அதைத் தோட்டத்துக் கணக்குப் புத்தகம் போலப் பூட்டி வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

பூட்டி வைத்தாலும் நோய் நிற்குமா? 1960இல் தென்னாபிரிக்காவிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. சவ்வுப் புற்றுநோய் வந்த 33 பேரின் விபரம். அதில் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்களும் இருந்தார்கள். சுரங்கத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள், சின்ன வயதில் அந்தப் பக்கம் இருந்தவர்கள். 1964இல் அமெரிக்க வைத்தியர் செலிகொப் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை வைத்து, யார் யார் எந்த நோயில் இறந்தார்கள் என்று கணக்கெடுத்து வெளியிட்டார். கம்பனி தன் ஆவணத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. சங்கம்தான் கொடுத்தது. நம் தோட்டக் கமிட்டிகளில் உறுப்பினர் கொப்பியை ஒழுங்காக எழுதுங்கள் என்று நான் நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுக்க முடியாத நிலை வந்ததும் பேச்சு மாறியது. "நீல அஸ்பெஸ்டஸ்தான் கெட்டது, வெள்ளை அஸ்பெஸ்டஸ் பரவாயில்லை, கவனமாகப் பாவித்தால் ஆபத்தில்லை." வெள்ளைக்குக் கிரைசோடைல் என்று பெயர். கூரைச் சீட்டில் இருப்பது அதுதான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்றே சொல்கிறது. வேலைத்தலத்தில் அஸ்பெஸ்டஸுக்கு ஆளாகி வருடத்துக்கு 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்பது அந்த அமைப்பின் மதிப்பீடு. கனடா தன் பாராளுமன்றக் கட்டடத்திலிருந்து அஸ்பெஸ்டஸைக் கழற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே, கவனமாகப் பாவித்தால் சரி என்று சொல்லி ஆசிய நாடுகளுக்கு அதை ஏற்றுமதி செய்தது. கடைசியில் 2018இல்தான் தடை செய்தது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். நீல அஸ்பெஸ்டஸ் இங்கே 1987இல் தடை செய்யப்பட்டது. வெள்ளையையும் 2018 ஜனவரி முதல் கட்டுப்படுத்தி, பிறகு முற்றாக நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. நமக்குப் பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ் வருவது ரஷ்யாவிலிருந்து. நம் தேயிலையைப் பெருமளவில் வாங்குவதும் ரஷ்யா. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதி ஒன்றில் கப்ரா வண்டு இருந்தது என்று சொல்லி, ரஷ்யா இலங்கைத் தேயிலை முழுவதையும் நிறுத்தியது. ஒரு வண்டு! சில நாட்களுக்குள் இங்கே அமைச்சரவை அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளி வைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் ரஷ்யாவின் தேயிலைத் தடையும் நீங்கியது. வண்டுதான் காரணம் என்று ரஷ்யா சொன்னது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததைப் பத்திரிகைகள் எழுதின. நீங்களே யோசியுங்கள்.

நாம் பறித்த கொழுந்தை வைத்து, நம் தலைக்கு மேல் இருக்கும் கூரையைப் பேரம் பேசினார்கள். அப்போது ஒரு தோட்டத்தில் நான் இதைக் கதைத்தபோது ஒரு தம்பி எழுந்து, "அண்ணே, தேயிலை விற்காவிட்டால் வேலை போகும், அஸ்பெஸ்டஸ் நாற்பது வருடம் கழித்துத்தானே கொல்லும்?" என்று கேட்டான். அவனோடு எனக்குக் கோபமில்லை. அரைப் பேர் வாங்கி வீட்டுக்குப் போகிறவனுக்கு நாற்பது வருடம் தூரம்தான். இந்தப் பயத்தை நம்பித்தான் வேலையா, ஆரோக்கியமா என்று கேட்கிறார்கள். இரண்டும் வேண்டும் என்று நாம் சொல்வோம் என்பதை அவர்கள் எதிர்பார்ப்பதில்லை.

அப்பாவின் கதைக்குத் திரும்புகிறேன். பராகுவாட் என்ற களைக்கொல்லி 1960களில் சந்தைக்கு வந்தது. உள்ளே போனால் அதற்கு மாற்று மருந்து இல்லை. மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் அதை அடித்தவர்களில் பெருந்தொகையானோர் தமிழ்ப் பெண்கள், நம்மைப் போலக் கப்பலேறிப் போனவர்களின் பேத்திகள். அங்கே தெனகனித்தா என்ற பெண்கள் அமைப்பு அந்தப் பெண்களின் நகம், தோல், மூக்கு இரத்தம் எல்லாவற்றையும் கேட்டுப் பதிந்து 2002இல் வெளியிட்டது. அதே வருடம் மலேசிய அரசு தடை அறிவித்தது. பிறகு இன்னும் ஆராய வேண்டும் என்று 2006இல் தடையைத் தளர்த்தியது. முற்றான தடை 2020 ஜனவரியில்தான் வந்தது. இடையில் போன வருடங்களுக்கு யார் கணக்குச் சொல்வது? அங்கும் சொன்னது இதுதான்: பாதுகாப்பு உடை போட்டால் ஆபத்தில்லை, போடாதது தொழிலாளியின் கவனயீனம். கொளுத்தும் வெயிலில் அந்த உடையைப் போட்டுக்கொண்டு ஒரு துரை ஒரு ஏக்கர் அடித்துக் காட்டட்டும்! ஐரோப்பிய ஒன்றியம் 2007இலேயே பராகுவாட்டை நிறுத்திவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் அது இங்கிலாந்தில் தயாராகி வெளிநாட்டுக்குப் போனது. தங்கள் நிலத்தில் அடிக்கக் கூடாதது நம் நிலத்தில் அடிக்கலாம்.

இலங்கை 2008இல் தொடங்கி 2011க்குள் பராகுவாட்டை நிறுத்தியது. இதை நாம் பெருமையாகச் சொல்லலாம். தேயிலை அழியவில்லை. நஞ்சு குடித்து இறப்பவர் தொகையும் குறைந்தது.

இதைக் கேட்டுவிட்டு, விஞ்ஞானம் என்றாலே கம்பனிக்காரன் ஏமாற்று, இரசாயனம் என்றாலே நஞ்சு என்று போய்விடாதீர்கள். அந்தப் பள்ளத்திலும் நாம் விழுந்திருக்கிறோம். 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். மக்களின் ஆரோக்கியத்துக்காக என்றார்கள். அது சரிவராது என்று விவசாய விஞ்ஞானிகள் சொன்னபோது கேட்கவில்லை. மலையில் கொழுந்து குறைந்தது, நிறை வரவில்லை, பேர் விழவில்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள். விஞ்ஞானியின் வாயைக் கம்பனி அடைத்தாலும் சரி, அரசாங்கம் அடைத்தாலும் சரி, மலையேறுகிற நமக்குத்தான் அடி.

அப்படியென்றால் யாரை நம்புவது? ஒருவர் "இன்னும் ஆராய வேண்டும்" என்று சொன்னால் அதுவே குற்றமில்லை. நல்ல விஞ்ஞானியும் அப்படிச் சொல்வார். ஆனால் அவர் எதைப் பார்த்தால் மனம் மாறுவேன் என்றும் சொல்வார், தான் கண்டதை யாரும் பார்க்கத் திறந்து வைப்பார். அந்த ஆய்வுக்குச் சம்பளம் கொடுத்தது யார், முடிவை வெளியிடும் உரிமை யாரிடம் என்று கேளுங்கள். ஆராய்ந்து முடியும்வரை பாவனையை நிறுத்தி வைப்பார்களா என்றும் கேளுங்கள். சந்தேகம் எப்போதும் சரக்கு விற்பவன் பக்கமே சாய்ந்தால் அங்கே ஏதோ இருக்கிறது.

(கேள்வி நேரத்தில் ஒரு தலைவி: "அப்ப அண்ணே, நாங்க இப்ப கூரையக் கழட்டிப் போடுறதா?")

நல்ல கேள்வி அக்கா. வேண்டாம். உடையாமல் கிடக்கிற சீட் உடனே கொல்லாது. அறுக்கும்போது, துளை போடும்போது, உடைக்கும்போது, பாசியைப் போட்டுத் தேய்க்கும்போதுதான் தூசு கிளம்பும். எனவே வீட்டுக்காரர் வாள் எடுத்து அறுக்க வேண்டாம். காற்றுக் காலத்தில் உடைந்து விழுந்தால் முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள், தும்புத்தடியால் உலரக் கூட்டாதீர்கள். துண்டுகளை நொறுக்கிப் பாதைக்குப் போடுவதும், கத்தி தீட்டுவதும், பிள்ளைகள் அதில் சுண்ணாம்புக்கட்டி போல எழுதி விளையாடுவதும் நிற்க வேண்டும். ஈரத்தோடு பொலித்தீனில் சுற்றிக் கட்டி வைத்துவிட்டு நிர்வாகத்துக்கு அறிவியுங்கள். வாயால் சொல்லாதீர்கள், எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்திருங்கள். கொரோனாக் காலத்து மாஸ்க் இந்த நாரைத் தடுக்காது. புதிதாக வீடு கட்டும் இடத்தில் அஸ்பெஸ்டஸ் கலக்காத சீட் அல்லது ஓடு வேண்டும் என்று இப்போதே கமிட்டியில் தீர்மானம் எடுங்கள், கூரை ஏறிய பிறகு அல்ல.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, உங்கள் தோட்டத்தில் இப்போது அடிக்கும் களைக்கொல்லியின் லேபலை போனில் ஒரு படம். வெற்றுப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், படம் போதும். மற்றது, கடந்த பத்து வருடத்தில் மருந்தடித்தவர்கள், கூரை வேலை செய்தவர்கள் பெயர்ப் பட்டியல். ஓய்வு பெற்றவர்களையும் இறந்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு என்ன நோய் இருந்தது என்று வீட்டில் கேட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். என் அப்பாவின் பெயரை நான் முதல் வரியில் எழுதி வைத்திருக்கிறேன். கொப்பி இந்த மேசையில்தான் இருக்கிறது. தேத்தண்ணீர் குடித்துவிட்டு ஒவ்வொருவராக வாருங்கள்.